கிண்ணம் ஏன் மிதக்கிறது, கட்டி ஏன் மூழ்குகிறது?

வெறும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை, வாய் மேல்நோக்கி இருக்க, வாளித் தண்ணீருக்குள் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளங்கையை ஏதோ ஒன்று எதிர்த்துத் தள்ளும். இறக்க இறக்க அந்தத் தள்ளல் வலுக்கும். விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே போன நொடியில் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாயும். எதிர்ப்பு சட்டென்று அடங்கி, கிண்ணம் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

தள்ளியது நீரின் அழுத்தம். ஆழம் கூடினால் அழுத்தமும் கூடும். அதனால் நீருக்குள் இருக்கும் எந்தப் பொருளையும் மேலிருந்து அமுக்கும் விசையைவிடக் கீழிருந்து தூக்கும் விசை அதிகம். பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எஞ்சி நிற்பதுதான் மிதப்பு விசை.

அது எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அசையாத நீருக்குள் ஒரு பிடி நீரை மட்டும் கற்பனையில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அப்படியானால் சுற்றியுள்ள நீர் அதன் எடையைச் சரியாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது அந்தப் பிடி நீரை எடுத்துவிட்டு, அதே வடிவக் கல்லை அங்கே வையுங்கள். வந்திருப்பது கல் என்று சுற்றியுள்ள நீருக்கு எப்படித் தெரியும்? முன்பு தாங்கிய அளவையே அது இப்போதும் தாங்கும். ஆக, ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடையே மிதப்பு விசை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இதுதான். குளியல் தொட்டிக் கதையைவிட இந்த விதி எவ்வளவோ அழகானது.

கிண்ணத்தின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 200 கன சென்டிமீட்டர் நீரை விலக்கும் அளவுக்கு இறங்கியதும், இரு விசைகளும் சமமாகி அது மிதக்கும். அதையே நசுக்கிக் கட்டியாக்கினால் உலோகத்தின் பருமன் சுமார் 25 கன சென்டிமீட்டர்தான். விலகும் நீர் 25 கிராம். மூழ்காமல் என்ன செய்யும்? இரும்புக் கப்பல் மிதப்பதும் தன் வயிற்றுக்குள் அடைத்துவைத்திருக்கும் காற்றின் தயவால்தான். பாதரசத்தின் அடர்த்தி நீரைப் போல 13.6 மடங்கு என்பதால், அதில் இரும்புக் கட்டியே மிதக்கும்.

மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் இந்த விதியை உடம்பில் உணர்கிறார்கள். நீர்மட்டத்தில் மிதக்கும் உடல், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி நுரையீரல் காற்று ஏறத்தாழப் பாதியாகச் சுருங்குவதால், குறைவான நீரையே விலக்குகிறது. இன்னும் ஆழம் போகப் போக, காலை அசைக்காமலேயே உடல் தானாகக் கீழே இறங்கத் தொடங்குகிறது.

காற்றுக்கும் இதே விதிதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் விலக்கி நிற்கும் காற்று ஏறத்தாழ 70 லிட்டர். நிற்கும்போதும் நடக்கும்போதும் 80 கிராமுக்குச் சற்று அதிகமான எடையை அவருக்காகக் காற்று தாங்கிக்கொண்டிருக்கிறது.