இலையை எண்ணி அளப்பது

பூவரச இலையின் பரப்பளவுக்குச் சூத்திரம் கிடையாது. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் இலையைச் சுற்றிய செவ்வகத்தின் பரப்பளவுதான் வரும். கிராஃப் தாளில் இலையை வைத்து, ஓரத்தை ஒட்டிக் கோடு இழுத்து, உள்ளே விழுந்த கட்டங்களை எண்ணினால் போதும். முழுக் கட்டம் ஒன்று. பாதிக்கு மேல் உள்ளே இருப்பதும் ஒன்று. பாதிக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். சரிபாதியாக இருந்தால் இரண்டைச் சேர்த்து ஒன்று.

விட்டதும் சேர்த்ததும் எப்படிச் சரியாகும் என்ற சந்தேகம் நியாயமானது. விடை தெரிந்த ஒரு வடிவத்தில் சோதித்துப் பார்க்கலாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளியை மையமாக வைத்து 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரையுங்கள். 1 செ.மீ. கட்டங்களில் 60 முழுதாக உள்ளே இருக்கும். வட்டக்கோடு 28 கட்டங்களின் ஊடே போகும். அந்த 28இல் 20 பாதிக்கு மேல், 8 பாதிக்குக் கீழ். ஆக 80 சதுர செ.மீ. உண்மையான பரப்பளவு 78.54. பிழை 2 சதவீதம்கூட இல்லை. ஓரத்துக் கட்டம் எல்லாவற்றையும் அரை அரையாகக் கணக்கிட்டால் 74தான் வரும். இந்த வட்டத்துக்கு அது மோசமான வழி.

சந்தேகம் முழுக்க ஓரத்தில்தான். அதே வட்டத்தை 1 மி.மீ. கட்டங்களில் எண்ணினால் கோடு 380 கட்டங்களைத் தொடும். எண்ணிக்கை கூடியதுபோல் தெரிந்தாலும் அவை மொத்தம் 3.8 சதுர செ.மீ.தான், முன்பு 28 இருந்தது. கட்டத்தின் பக்கம் பத்தில் ஒன்றானால் சந்தேகப் பகுதியும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிறது. அதற்காக எல்லா மி.மீ. கட்டத்தையும் எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் உள்ள பெரிய கட்டங்களுக்குத் தலா 100, தடித்த கோட்டுக்குள் வரும் 5 மி.மீ. கட்டங்களுக்கு 25, மீதி ஓரத்தை மட்டும் ஒவ்வொன்றாக. எண்ணியதில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் இரண்டாம் முறை எண்ண நேராது.

எண்ணும்போது வரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வரையும்போது வருபவை அப்படியல்ல, எல்லாம் ஒரே பக்கம் சாயும். மழுங்கிய பென்சிலின் கோடு இலைக்கு வெளியேதான் விழும். சுற்றளவு 30 செ.மீ. உள்ள இலையில் கோடு 1 மி.மீ. தள்ளிப் போனால் 3 சதுர செ.மீ. கூடிவிடும், 70 சதுர செ.மீ. இலைக்கு அது 4 சதவீதத்துக்கு மேல். வாடிச் சுருண்ட இலை இதற்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். பறித்த கையோடு, விரலால் அழுத்திப் பிடித்து வரையுங்கள். ஜெராக்ஸ் எடுத்த கிராஃப் தாளை நம்புமுன் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: 10 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் 9.7 இருந்தால், ஒவ்வொரு கட்டமும் உண்மையில் 0.94 சதுர செ.மீ.தான்.

நேர்க்கோட்டு வடிவங்களுக்குத் தோராயமே வேண்டாம். மூலைகள் எல்லாம் கோடுகள் வெட்டும் புள்ளிகளில் இருந்தால் கட்டங்களை விட்டுப் புள்ளிகளை எண்ணலாம்: உள்ளே உள்ள புள்ளிகள், அத்துடன் எல்லையில் உள்ளவற்றில் பாதி, அதிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். ஆஸ்திரியக் கணித அறிஞர் கேயார்க் பிக் 1899இல் வெளியிட்ட அழகான தேற்றம் இது. (0,0), (6,0), (2,5) மூன்றையும் இணைத்த முக்கோணத்தில் உள்ளே 12 புள்ளி, எல்லையில் 8. 12 + 4 − 1 = 15. அடிப்பக்கம் 6, உயரம் 5 என்று வழக்கமான சூத்திரத்திலும் 15தான். வடிவத்தின் நடுவே ஓட்டை இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; ஓட்டையைத் தனி வடிவமாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

நில வரைபடத்தின் மேல் கட்டம் போட்டு எண்ணுகிறவர்கள் அதிகம் சறுக்குவது கடைசி வரியில். 1:1000 அளவில் 1 செ.மீ. என்பது 10 மீட்டர். ஆனால் 1 சதுர செ.மீ. என்பது 100 சதுர மீட்டர். 23.5 கட்டம் வந்தால் 2,350 சதுர மீட்டர், அதாவது சுமார் 58 சென்ட். பத்தால் மட்டும் பெருக்கினால் அந்த நிலம் ஆறு சென்டுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.