மார்பகப் புற்றுநோய்க் கணக்கு: ஏன் நாற்பது வருடம் காத்திருக்கிறார்கள்?

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் பெயர் பதியும்போது முகவரி கேட்பார்கள். மன்னாரிலிருந்தோ பதுளையிலிருந்தோ ஒரு பெண்ணைக் கூட்டிவந்தவர், கதிர்சிகிச்சை முடியும்வரை தங்கப்போகும் வெள்ளவத்தை வீட்டு முகவரியைச் சொல்லிவிடக்கூடும். கடிதம் வந்தால் கைக்குக் கிடைக்கவேண்டுமே, அந்த நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வரியால் கொழும்பு மாவட்டக் கணக்கில் ஒருவர் கூடுகிறார், மன்னார்க் கணக்கில் ஒருவர் குறைகிறார். ஓரிருவர் என்றால் பாதகமில்லை. நூற்றுக்கணக்கில் நடந்தால் கொழும்பில் நோய் அதிகம் என்று ஒரு படம் உருவாகும். அப்புறம் யாராவது வாகனப் புகையையும் கடைச் சாப்பாட்டையும் காரணமாகப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் சனத்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடுகள் நோயாளி எங்கே சிகிச்சை பெற்றார் என்பதை விட்டுவிட்டு, வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதைத் தேடுகின்றன.

இலங்கையின் புற்றுநோய்ப் பதிவேடு 1985இல் தொடங்கியது. அது வைத்தியசாலைகளை அடிப்படையாகக் கொண்டது: யார் சிகிச்சைக்கு வந்தார்களோ அவர்களின் கணக்கு. கொழும்பு மாவட்டத்துக்கு மட்டுமான சனத்தொகைப் பதிவேடு 2012ஆம் ஆண்டின் தரவிலிருந்து ஆரம்பமாகிறது. ஒரு மாவட்டத்தில் வாழும் எல்லாப் பெண்களின் தொகையையும் பின்னத்தின் கீழே போட்டு, அவர்களில் நோய் வந்தவர்களின் தொகையை மேலே போட்டால்தான் வீதம் என்ற ஒன்று கிடைக்கும். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே என்பதை இந்தப் பதிவேடுகள் வருடா வருடம் காட்டுகின்றன.

ஆனால் பதிவேடு எத்தனை பேர் என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு வேறு வேலை தேவை.

மார்பகப் புற்றுநோயில் 'ஏன்' என்ற கேள்வி பழையது. 1713இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, கன்னியாஸ்திரிகளுக்கு இந்த நோய் மற்றப் பெண்களைவிட அதிகம் வருவதைக் கவனித்து எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1926இல், பிரித்தானிய மருத்துவர் ஜேனட் லேன் கிளேபோன் அதே கேள்வியை ஒழுங்காக எடுத்தார். நோயுள்ள 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டு, எப்போது திருமணம், எத்தனை பிள்ளைகள், தாய்ப்பால் கொடுத்தீர்களா என்றெல்லாம் கேட்டார். பிள்ளைகள் குறைந்தவர்களிடமும் பிந்தித் திருமணம் செய்தவர்களிடமும் நோய் கூடுதலாக இருந்தது. இன்று நாம் சொல்லும் பல விடயங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவர் பெயரை வெகுசிலரே நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

அவர் கையாண்ட முறையில் ஒரு சிக்கல் உண்டு. நோய் வந்த பிறகு ஒருவரிடம் பழைய வாழ்க்கையைக் கேட்டால், அவர் காரணம் தேடிக்கொண்டே பதில் சொல்வார். பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் கட்டிப்போனது, பஸ்ஸில் கம்பி இடித்தது, ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தது எல்லாம் நினைவுக்கு வரும். நோயில்லாத பெண்ணுக்கும் பஸ்ஸில் கம்பி இடித்திருக்கும். அவர் அதை மறந்திருப்பார். இரண்டு பேரும் உண்மைதான் பேசுகிறார்கள், ஆனால் ஒப்பீடு கோணிவிடும்.

இதற்கான வழி, நோய் வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது. அப்புறம் காத்திருப்பது. இப்படி ஒரு பெரிய கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பல வருடங்கள் பின்தொடர்வதைக் கூட்டுத்தொடர் ஆய்வு என்கிறோம். மிகப் பிரபலமானது அமெரிக்கத் தாதியரின் ஆய்வு. 1976இல் ஃபிராங்க் ஸ்பைசர் தொடங்கியது. 11 மாநிலங்களில் 30 முதல் 55 வயதுக்கு உட்பட்ட, திருமணமான 121,700 தாதியர் அதில் சேர்ந்தார்கள். ஆரம்ப நோக்கம் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகளின் நீண்டகால விளைவைப் பார்ப்பது. தாதியரைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் இருந்தது: மருத்துவக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதத் தெரியும், தொழில் பதிவு இருப்பதால் வீடு மாறினாலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வினாக்கொத்து தபாலில் போகும். தொடர்பில் இருந்தவர்கள் 90 சதவீதத்துக்கு மேல். பதில் வராதவர் இறந்துவிட்டாரா என்பதைத் தேசிய இறப்புப் பதிவில் பார்த்துக்கொள்வார்கள்.

1980களின் தொடக்கத்தில் அவர்களிடம் கால்விரல் நகத்தை வெட்டி உறையில் போட்டு அனுப்பும்படி கேட்டார்கள். சுமார் 62,000 பேர் அனுப்பினார்கள்! உடலில் சேர்ந்த செலினியம் போன்ற தாதுக்கள் நகத்தில் மாதக்கணக்கில் பதிந்திருக்கும், அதை அளக்கத்தான். செலினியம் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று அப்போது பலர் நம்பினார்கள். நகங்கள் அதை ஆதரிக்கவில்லை.

நீண்டகால ஆய்வுகளின் பெரிய பயன் இப்படி 'இல்லை' என்று சொல்வதுதான் என்று எனக்குப் படுகிறது. கொழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகம் தின்னும் நாடுகளில் மார்பகப் புற்றுநோயும் அதிகம் என்று உலக வரைபடம் காட்டியது, ஆகவே கொழுப்புதான் குற்றவாளி என்று பேச்சு. ஆனால் அந்த நாடுகளில் பெண்கள் பிந்திப் பிள்ளை பெறுகிறார்கள், உயரமாக வளர்கிறார்கள், மதுவும் குடிக்கிறார்கள். நாட்டோடு நாட்டை ஒப்பிட்டால் இவை எல்லாம் ஒன்றாகக் குழம்பிப்போகும். 1987இல் வால்டர் வில்லெட்டும் சக ஆய்வாளர்களும் தாதியரின் தரவைப் பார்த்தபோது, கொழுப்பைக் கூடுதலாக உண்டவர்களுக்கும் குறைவாக உண்டவர்களுக்கும் நோயில் வித்தியாசம் தெரியவில்லை. அதே வருடம், அதே தாதியரிடம், மது அருந்துவதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. பின்னர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் 10 கிராம் அல்ககோல் கூடினால் ஆபத்து சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்று வந்தது.

தாய்ப்பால் விடயத்திலும் ஒரு தனி ஆய்வு போதவில்லை. 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாக்கினார்கள். நோயுள்ள பெண்கள் மட்டும் 50,302 பேர். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் ஆபத்து 7 சதவீதம் குறைகிறது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலும் 4.3 சதவீதம் குறைகிறது. பெரியபிள்ளையாவது ஒரு வருடம் முந்தினால் ஆபத்து சுமார் 5 சதவீதம் கூடும், மாதவிடாய் நிற்பது ஒரு வருடம் பிந்தினால் சுமார் 3 சதவீதம் கூடும். ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹோர்மோன்கள் மார்பகக் கலங்களைப் பிரியச் சொல்லித் தூண்டும் காலம் எவ்வளவு நீள்கிறதோ, பிழை நேர வாய்ப்பும் அவ்வளவு. கர்ப்பமும் பாலூட்டலும் அந்தக் கலங்களை முதிரச் செய்கின்றன. ராமாஸினி கண்ட கன்னியாஸ்திரிகளின் கதை இதற்குள் அடங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, 'பால் கொடுக்காததால்தான் உனக்கு வந்தது' என்று யாராவது ஒரு நோயாளியிடம் சொன்னால் அது கணக்கும் தெரியாத, இரக்கமும் இல்லாத பேச்சு. 4.3 சதவீதம் என்பது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. நான்கு பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவருக்கும் வருகிறது, கொடுக்காத பலருக்கு வராமலே போகிறது. குடும்பத்தில் கடத்தப்படும் மரபணு மாற்றங்களும் எல்லாவற்றையும் விளக்குவதில்லை. பி.ஆர்.சி.ஏ. 1, 2 போன்ற மரபணுக்களில் பிறப்பிலேயே உள்ள மாற்றங்களால் வருவது மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான்.

காத்திருப்பு ஏன் பத்து வருடத்தில் முடிவதில்லை என்பதற்கு ஹிரோஷிமா, நாகசாகி ஆய்வு நல்ல சாட்சி. குண்டுக்குத் தப்பியவர்கள் உட்பட சுமார் 120,000 பேரை 1950இலிருந்து பின்தொடர்கிறார்கள். பெண்களில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகமாகக் கூடியது 20 வயதுக்குள் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடம். நோயோ பல பத்தாண்டுகள் கழித்து, வழக்கமாக இந்நோய் வரும் வயதில்தான் வெளிப்பட்டது. 12 வயதில் பட்டது 50 வயதில் தெரியவேண்டுமானால், நடுவில் யாராவது கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.

சரி, கூட்டுத்தொடர் ஆய்வு சொன்னால் அது முடிந்த முடிவா? இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஹோர்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று இந்த ஆய்வுகள் ஒருகாலத்தில் காட்டின. மாத்திரை எடுத்தவர்கள் வசதியானவர்கள், உடலைக் கவனிப்பவர்கள் என்பது அந்தக் கணக்கில் சரியாகக் கழிபடவில்லை. பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதிக்கு உண்மை மாத்திரையும் மறுபகுதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை, மார்பகப் புற்றுநோயைக் கூட்டியது. 2002இல் அந்தச் சோதனையை இடையில் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் பிரித்தானியாவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் மார்பகம் பற்றி அதையே சொன்னது.

அமெரிக்கச் சோதனையிலிருந்து தலைப்புச் செய்தியானது '26 சதவீதம் அதிகம்' என்ற எண். 10,000 பெண்கள் ஒரு வருடம் போலி மாத்திரை எடுத்தால் அவர்களில் 30 பேருக்கு நோய், உண்மை மாத்திரை எடுத்தால் 38 பேருக்கு. வித்தியாசம் எட்டுப் பேர். இரண்டும் ஒரே உண்மைதான். வட்ஸ்அப்பில் ஒரு சதவீதம் வந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதே வட்ஸ்அப்பில் சுற்றும் பிரா, டியோடரண்ட் கதைகளையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை: சியாட்டிலில் டியோடரண்ட் பற்றி 2002இலும் பிரா பற்றி 2014இலும் வந்த ஆய்வுகள் எந்தத் தொடர்பையும் காணவில்லை.

இனி அடுத்த பாதி, நோய் வந்த பிறகு என்ன ஆகிறது என்பது. கண்டுபிடித்து ஐந்து வருடத்தின் பின் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் வழக்கமான அளவு. இதில் ஒரு பொறி இருக்கிறது. யாழ்தேவி ரயிலில் கொழும்புக்கு வரும் ஒருவரை வவுனியாவிலிருந்து கணக்கெடுத்தால் நீண்ட பயணம், மாகோவிலிருந்து கணக்கெடுத்தால் குறுகிய பயணம். ரயில் கோட்டைக்கு வந்து சேரும் நேரம் மாறவில்லை. மமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) முன்கூட்டியே கண்டுபிடித்தால், சிகிச்சை எதையும் மாற்றாவிட்டாலும் 'வாழ்ந்த வருடங்கள்' கூடியதாகத் தெரியும். ஆகவே முன்கூட்டிய பரிசோதனை பயன் தருகிறதா என்று பார்க்க, மொத்தப் பெண்களில் இந்நோயால் இறப்பவர்களின் வீதம் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். 1977இல் சுவீடனின் இரு மாகாணங்களில் தொடங்கிய சோதனையில் அது உண்மையாகவே குறைந்தது. இங்கே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் 1996இலிருந்து நடக்கும் 'வெல் வுமன்' கிளினிக்கில் மார்பகத்தைக் கையால் பரிசோதிக்கிறார்கள். 35 வயதைக் கடந்தவர்கள் போகலாம், பணம் இல்லை.

ஐந்து வருடம் என்பதும் போதாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகைப் புற்றுநோயில், அதாவது ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வளரும் வகையில், ஐந்து வருட ஹோர்மோன் சிகிச்சையை (ஹோர்மோனைக் கொடுப்பதல்ல, தடுப்பது) முடித்த 62,923 பெண்களின் தரவு 2017இல் வெளிவந்தது. ஐந்தாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம்வரை நோய் திரும்புவது ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது. முதலில் கட்டி சின்னதாய், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தவர்களிலும் 13 சதவீதத்தினருக்கு அந்தப் பதினைந்து வருடத்தில் உடலின் வேறு இடத்தில் தோன்றியது. மாத்திரையைச் சிலர் ஐந்து வருடத்துக்கு மேலும் தொடரும்படி வைத்தியர்கள் சொல்வதன் பின்னால் இந்த வகைத் தரவுதான் இருக்கிறது.

இந்த மாதிரி ஒரு தொடர் ஆய்வு நம் பக்கத்தில் முடியுமா? முடியும். ராகமவில் களனிப் பல்கலைக்கழகத்தினர் 2007இலிருந்து சுமார் 3,000 பேரைப் பின்தொடர்ந்து ஈரல் கொழுப்பு, நீரிழிவு பற்றி நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இன்னும் பெரிய கூட்டம் வேண்டும், ஏனென்றால் 3,000 பேரில் ஒரு வருடத்தில் நோய் வருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. கர்ப்பத்திலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பது வரை மிட்வைஃப்மார் அப்போதைக்கப்போதே ஓர் அட்டையில் எழுதி வைக்கிறார்கள். நாற்பது வருடம் கழித்து நினைவைக் கிளறத் தேவையில்லை. அந்த அட்டையையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இணைப்பதுதான் தலையிடி. தமிழ்ப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர். ஞானேஸ்வரியை ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்குபவரும் உண்டு, 'என்'னில் தொடங்குபவரும் உண்டு. அடையாள அட்டை எண் 2016இல் 12 இலக்கமாக மாறியது. பழைய எண்ணைப் புதியதாக மாற்றலாம் என்பதால் இது பெயரைவிடச் சுலபம்.

அப்புறம் வெளிநாடு. சிகிச்சை முடிந்து நலமாக இருப்பதால் கிளினிக்குக்கு வராதவர், மகனோடு ரொறன்ரோ போனதால் வராதவர், இறந்ததால் வராதவர் என மூவருக்கும் கோப்பில் ஒரே வெற்றிடம்தான். உதாரணத்துக்கு 100 பேரை எடுங்கள். ஐந்து வருடத்தில் 62 பேர் உயிரோடு இருப்பது தெரியும், 13 பேர் இறந்தது தெரியும், 25 பேரைப் பற்றித் தகவல் இல்லை. அந்த 25 பேரும் நலம் என்று கொண்டால் உயிர்வாழ்வு 87 சதவீதம், எல்லோரும் இறந்தார்கள் என்று கொண்டால் 62. ஆய்வாளர்கள் கடைசியாகத் தகவல் கிடைத்த நாள்வரை மட்டும் அவரைக் கணக்கில் வைத்து இதைச் சமாளிப்பார்கள். ஆனால் காணாமல் போனவர்களும் இருப்பவர்களைப் போன்றவர்களே என்று எடுத்துக்கொண்டால்தான் அது சரிவரும். வீட்டிலேயே படுத்து இறந்தவர்கள் அதில் அதிகமாக இருந்தால் சரிவராது. ஆகவே ஒரு தொலைபேசி எண் போதாது என்று இரண்டாவது எண் கேட்கிறார்கள். அயலவருடையதாக இருந்தாலும் பரவாயில்லை.