கட்டுமான மண்ணில் உயிர்வேலி

புதுப் பேட்டையில் நட்ட செடிவரிசை ஆறு மாதத்தில் மஞ்சள் தட்டினால், முதலில் எல்லோரும் உரமூட்டையைத்தான் தேடுவார்கள். பெரும்பாலும் கோளாறு சிமெண்டில் இருக்கிறது. கலவை கொட்டிய இடமும் உடைந்த பூச்சும் சுண்ணாம்பைக் கசியவிட்டு மண்ணைக் காரமாக்கிவிடும். அப்புறம் இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாது. தளிர் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிங்கப்பூர்க் காட்டு மண்ணோ அமில மண். அதில் வளர்ந்து பழகிய செண்டுடோக் என்ற ஊதாப் பூச்செடியும் வெட்சியும்தான் முதலில் வாடும்.

ஆகவே நடுமுன் 50 செ.மீ. ஆழம்வரை இடிபாட்டை அள்ளிவிட வேண்டும். மண்ணின் அமில-கார அளவான பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. அடுத்தது, இயந்திரங்கள் ஏறி இறங்கி இறுகிய களிமண். 30 செ.மீ. குழி தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் தேங்கியிருந்தால் அடிமண்ணைக் கிளறியே ஆகவேண்டும். குழியில் மட்டும் நல்ல மண் போட்டால் அது தொட்டியாகி வேரை அழுகவைக்கும். வண்டல் மூன்று, மக்கிய உரம் இரண்டு, கழுவிய மணல் ஒன்று என்ற கலவை போதும்.

எதை நடுவது? ஊரில் உயிர்வேலி என்றால் கிளுவையும் கள்ளியும்; இங்கே அவை வேண்டாம். பூசைக்குப் பறிக்கும் சிவப்பு வெட்சிகூடத் தென்னிந்தியா, இலங்கைக்குரியது. அதன் உறவான, செம்மஞ்சள் கொத்து விடும் பெரிய இலை வெட்சிதான் இந்தத் தீவுக்குச் சொந்தம். முன் வரிசையில் செண்டுடோக், நடுவில் வெட்சி, இரண்டு வரிசையிலும் 60 செ.மீ. இடைவெளி, கன்றுகள் நேரெதிராக வராமல் மாறி மாறி. பின்னால் 2 மீட்டருக்கு ஒரு சிம்போ ஆயர் என்ற பெரிய இலைப் புதர். அது மரமளவுக்கு ஓங்கும். 10 மீட்டர் வேலிக்குச் சுமார் 40 கன்று, 3 மீட்டர் அகலம். சுண்ணாம்பை அகற்றவே முடியாத மூலைக்குக் கடலோரச் செடியான முன்னை. முழங்கால் உயரக் கன்றே சீக்கிரம் வேர் பிடிக்கும். தொட்டிக்குள் வேர் சுருண்ட பெரிய செடி திணறும். நவம்பரில் நட்டால் வறண்ட பிப்ரவரிக்குள் வேர் இறங்கிவிடும்.

செண்டுடோக்கின் ஊதாப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் இருப்பதோ நுனியில் மட்டும் துளையுள்ள குழலுக்குள், மிளகுத்தூள் டப்பா மாதிரி. தச்சுத்தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறப்புத்தசையை அதிரவைக்கும், தூள் கொட்டும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. தச்சுத்தேனீ கூடு குடைவது காய்ந்த மரத்தில். வேலியருகே ஒரு பட்ட கட்டை கிடக்கட்டும்; குப்பை என்று லாரியில் ஏற்றிவிடாதீர்கள். சிம்போ ஆயரின் காய் விடியுமுன் நட்சத்திரமாக வெடித்துச் சிவந்த விதைகளைக் காட்டும், சின்னான்கள் கொத்திப்போகும்.

ஒற்றை வேலியால் பறவைக்கும் பூச்சிக்கும் பெரிய பயனில்லை, அது எதையாவது இணைக்க வேண்டும். தீவின் மேற்கே தெங்கா நகரில் ஏறத்தாழ 100 மீட்டர் அகலம், 5 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட வனப்பாதை மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தையும் சேர்ப்பதற்கானது. அடுக்குமாடிகளுக்கு நடுவே போடும் வேலி அதற்குக் கிளைவழி.

நட்டபின் கெடுப்பது கத்திரி. செண்டுடோக் கிளைநுனியில்தான் மொட்டு விடும். சுவர்போல வழித்துவிட்டால் பூவும் இல்லை, பழமும் இல்லை. வேலியை மூன்றாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு பகுதியை மட்டும் வெட்டுங்கள். கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொசுப்புகை அடித்தால் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் சாகும். நீர் தேங்காமல் மட்டம் சரிசெய்து வைத்தால் அந்தப் புகைக்கே தேவை குறையும்.

முதல் இரண்டு ஆண்டு செடிகள்மேல் படர்ந்து மூடும் மிக்கானியா என்ற களைக்கொடியை வளரவிடவே கூடாது. வாரம் ஒருமுறை வேரோடு பிடுங்குங்கள். அறுத்துப் போட்ட துண்டும் கணுவில் வேர்விடும் என்பதால் பைக்குள் கட்டி அகற்றுங்கள்.