துப்பாக்கி செய்யும் வேலையை வேறு எது செய்யும்?

கேம் செய்யப் பழகும் திருகோணமலைப் பெடியன்களிடம் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சுடுகிற கேம் என்றுதான் பதில் வரும். ரத்தவெறி ஒன்றும் இல்லை. சுடுவதை வடிவமைப்பது லேசு, அவ்வளவுதான். குறி கண்முன்னே நிற்கிறது. விரலை அழுத்தியதும் சத்தம், அதிர்வு, விழும் எதிரி. தவறினால் நாம் சாகிறோம். குறி, பதில், இழப்பு என்று ஆட்டத்துக்கு வேண்டிய மூன்றையும் ஒரு துப்பாக்கியே கொடுத்துவிடும்.

வன்முறை வேண்டாம் என்பவர்கள் துப்பாக்கியை எடுத்துவிட்டு, அந்த மூன்றுக்கும் மாற்று வைக்க மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் 'நல்ல' கேம்கள் பல பாடப்புத்தகம் போல இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை உடனே மூடிவிட்டுப் பழைய கேமுக்கே போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் பிள்ளைகளைப் பிடித்துவைப்பது ரத்தம்தானா? பிரிசிபில்ஸ்கி, ரையன், ரிக்பி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இல்லை என்கிறது. கை தேறி வருகிற உணர்வும், தன் இஷ்டப்படி முடிவெடுக்கும் சுதந்திரமும்தான் ஆட்டத்தின் சுவை. அதற்கு மேல் வன்முறை சேர்ப்பது மிகக் கொஞ்சம். 1980இல் பேக்-மேன் என்ற கேமைச் செய்த டோரு இவாதானி, பெண்களும் விளையாட வரவேண்டும் என்றுதான் சுடுவதை விட்டுத் தின்பதைப் பிடித்தார். துரத்தல், பதற்றம், தோல்வி எல்லாம் அதில் அப்படியே உண்டு. 2015இல் வந்த ஸ்பிளட்டூன் கேமில் துப்பாக்கிகூட இருக்கிறது, பாய்வது மை.

எங்களுக்கு மாற்று கடற்கரையிலேயே கிடக்கிறது. கரையில் நின்று இழுக்கும் கரைவலையை எடுங்கள். இரண்டு பக்கமும் கயிறு, இரண்டு அணி. ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் தப்பும். என்னிடம் கேம் செய்யப் பழகுபவர்கள் இதை ஒரு போனில் இருவர் ஆடும் கேமாகச் செய்தார்கள். முதல் வடிவத்தில் எப்படி இழுத்தாலும் மீன் வந்தது. ஒருவரும் இரண்டாம் தரம் ஆடவில்லை. பிறகு வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தை வைத்தார்கள். தாளத்தில் இழுத்தால் கயிறு இறுகும் சத்தமும் கையில் ஒரு சின்ன அதிர்வும். பிசகினால் மிதவைகள் சாயும், மீன் வெள்ளியாகத் துள்ளி வெளியே போகும். மீன் சேரும் வலையின் மடி கரைக்குக் கிட்ட வரவர தாளம் வேகமாகும். அப்புறம் பார்க்க வேண்டுமே, ஆடுகிற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே இழுக்கிறார்கள்! ஒரு உயிரும் போகவில்லை என்று சொல்ல முடியாது, மீன் போகிறது. அதை நான் வன்முறைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சத்தத்திலும் கவனம் வேண்டும். இந்த ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் திடுக்கிடுகிற அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பேரனின் போனும் அதே வீட்டில்தான் அலறுகிறது.

பெற்றோருக்கு ஒன்று: பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயது போட்டிருக்கும். இறக்குமுன் அதைப் பாருங்கள்.

கேம் செய்கிறவர்களுக்கு: ஆடிப் பார்த்த பிள்ளையிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு ஓம் என்றுதான் சொல்லும். போனைத் திருப்பிக் கேளுங்கள். "பொறுங்கோ, இன்னொருக்கா" என்றால் சரி, அந்தக் கேமில் மேலே வேலை செய்யலாம்.