பீங்கான் கோலில் கத்தி எப்படிக் கூராகிறது?

பீங்கான் கோல்கள் பொருத்திய, உள்ளங்கை அளவிலான கத்தி தீட்டும் கருவி ஒன்றை வாங்கிய வாசகி கேட்கிறார்: “நாலு இழுப்பில் வெள்ளைக் கோல் கறுத்துவிட்டது. கத்தி இன்னும் தக்காளித் தோலில் வழுக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?”

கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கத்தியிலிருந்து உரிந்த எஃகுத் தூள். பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டுக் கழுவினால் போய்விடும். கோல், அலுமினியம் ஆக்சைடு பொடியை அழுத்தி 1500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9, வைரத்துக்கு 10. சமையலறைக் கத்தியின் எஃகு 7-ஐ எட்டுவதே அரிது. கோணத்தையும் கருவியே பார்த்துக்கொள்கிறது. கோல்கள் ‘வி’ வடிவில் சாய்ந்து நிற்பதால், கத்தியை நேர்க்குத்தாகப் பிடித்து இழுத்தால் சரி.

கோல் உருண்டையாக இருப்பதில்தான் எனக்கு ரசனை. தட்டையான சாணைக்கல்லில் கத்தி அகலமாகப் படியும். உருண்டைக் கோலில் ஏறக்குறைய ஒரு புள்ளியில்தான் தொடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. பரப்பு அவ்வளவு சிறிதானால், விரல் பாரமே அங்கே பேரழுத்தம். அப்போது விளிம்பு எஃகு எல்லாம் உதிர்ந்துவிடாது. கொஞ்சம் மெலிந்து, தீட்டாத பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதுதான் பிசிறு. கத்தியின் முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே கட்டைவிரலை மெல்ல வழித்தால் (நீளவாக்கில் வேண்டாம், வெட்டிவிடும்) அந்தப் பக்கம் லேசாக இடறும். இடறினால், தீட்டல் விளிம்புவரை எட்டிவிட்டது என்று பொருள்.

ஆனால் பிசிறோடு விட்டுவிட்டால் அடுத்த தக்காளியிலேயே அது மடங்கிவிடும். அதை எடுக்க, பக்கத்துக்கு ஓர் இழுப்பாக மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கோலில் படும்படி இழுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் ஒரு பக்கப் பிசிறு மறுபக்கம் புரளும், அவ்வளவுதான்.

பிசிறே வரவில்லையா? விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பல கருவிகளில் பக்கத்துக்கு 20 டிகிரி. உங்கள் கத்தி 25 டிகிரியில் தீட்டப்பட்டதென்றால், கோல் விளிம்புக்கு மேலேயே உரசும். விளிம்பின் நுனியில் மை அப்படியே இருக்கும். வாசகியின் சிக்கல் இதுவாக இருக்கலாம்.

கத்தி மழுங்குவதும் தேய்வதால் மட்டுமல்ல. எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடி, சவர பிளேடை எப்படி மழுக்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். வளைந்த முடி, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் பட்டால் நுண்ணிய சில்லு பெயர்கிறதாம். முடி வெட்டவா ஆராய்ச்சிப் பணம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு காசும் வீணாகத் தெரியவில்லை.

கண்ணுக்கே தெரிகிற பல் விழுந்திருந்தால் இந்தக் கோல் உதவாது. முரட்டுச் சாணைக்கல்தான் வேண்டும். மற்றபடி அன்றாடப் பராமரிப்புக்கு நல்ல கருவி. கீழே மட்டும் போடாதீர்கள், உடைந்துவிடும். இன்னும் வாங்காதவர்கள் முதலில் ஒரு பீங்கான் காபிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத சொரசொர வளையத்தில் தீட்டிப் பார்க்கலாம். கோணம் மட்டும் உங்கள் கையின் பொறுப்பு.