மூன்றாவது வரியில் தொலையும் கண்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மஞ்சள் வியாபாரி. "ஏனுங்க, நீங்க எழுதறது நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா போன்ல படிச்சா மூணாவது வரி தாண்டறதுக்குள்ள எங்க விட்டேன்னே தெரியறதில்லைங்க. அதையே எம்பட பொண்ணு பிரிண்ட் எடுத்துக் குடுத்தா கடகடன்னு படிச்சுப் போடறேன். கண்ணு கெட்டுப் போச்சுங்களா?"

மஞ்சளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைத்தான் சொல்கிறார். என் போனில் திறந்து பார்த்தேன். ஒரே பத்தி, கட்டை விரலால் நான்கு முறை தள்ளியும் முடியவில்லை. அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது. தப்பு என் மேல்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடி, அந்த இமை மேல் விரல் நுனியை லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். இன்னொரு கண்ணால் இந்தப் பத்தியைப் படியுங்கள். மூடிய கண்ணும் கூடவே அசையும். அந்த அசைவு வழுக்கிக்கொண்டு போவதாக இருக்காது. வெடுக், வெடுக் என்று இருக்கும். கண் எழுத்தின் மேல் நடந்து போவதில்லை. கிணற்று மேட்டுத் தவளை மாதிரி ஒரு இடத்தில் உட்காரும், தாவும், மறுபடி உட்காரும். உட்காருவது சுமார் கால் நொடி. தாவல் அதில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். தாவும்போது வருகிற கலங்கிய காட்சியை மூளை நமக்குக் காட்டுவதே இல்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள்: உங்கள் கண் அசைவதை நீங்கள் பார்க்கவே முடியாது, பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இதை அளக்க மனிதர்கள் பட்ட பாடு பெரிது. 1890-களின் கடைசியில் எட்மண்ட் ஹ்யூயி என்ற அமெரிக்கர், வாசிப்பவரின் கண்ணை மருந்தால் மரத்துப்போகச் செய்து, நடுவில் ஓட்டை போட்ட பாரிஸ் சாந்துக் கிண்ணத்தை விழி மேலேயே பொருத்தினார். அதோடு இணைத்த அலுமினிய முள், புகை படிந்த உருளையில் தாவல்களைக் கோடாகக் கிழித்தது. எழுதும்போதே எனக்குக் கண் கூசுகிறது.

ஏன் தாவ வேண்டும்? பள்ளியில் படித்த மஞ்சள் புள்ளிதான் காரணம். விழித்திரையில் அதன் நடுவிலுள்ள சிறு குழி மட்டுமே எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். ஒரு சமயத்தில் கூர்மையாகத் தெரிவது ஏறக்குறைய அந்த நக அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். பக்கம் பக்கமாக ஒரே பார்வையில் படிக்கக் கற்றுத் தருகிறேன் என்று கோவையில் ஒருவர் என் நண்பரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டார். விழித்திரையை மாற்றித் தந்தால் ஒழிய அது நடக்காது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த இடம். 1975-இல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரேனர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கணினித் திரையில் ஒரு வாக்கியம். வாசிப்பவர் கண் எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். மீதி முழுக்க எக்ஸ் எக்ஸ் எக்ஸ். கண் தாவியதும் அந்தச் சன்னலும் கூடவே தாவும். பின்னால் நின்று பார்ப்பவருக்குத் திரை வெறும் குப்பை. ஆனால் சன்னல் போதிய அகலம் இருந்தால், படிப்பவரின் வேகம் குறைவதே இல்லை! அந்த அகலம் எவ்வளவு என்று இந்த வகைச் சோதனைகளில் தேடியபோது ஆங்கில வாசகர்களுக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினைந்து வரை என்று வந்தது. வலமிருந்து இடமாகப் படிக்கும் ஹீப்ருவில் சாய்வு அப்படியே திரும்பிவிட்டது. போகிற பக்கம் பார்த்துக்கொண்டே போகிறது கண்.

அந்தப் பதினைந்தில் தூரத்து எழுத்துகள் அடையாளம் தெரிவதில்லை. தெரிவது இடைவெளி. அடுத்த சொல் எங்கே முடிகிறது, எவ்வளவு நீளம், எங்கே போய் உட்காரலாம் என்பதைக் கண் அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. டவுன் பஸ் டிரைவர் அடுத்த ஸ்டாப்பில் ஆள் நிற்கிறதா என்று தூரத்திலேயே பார்த்து வைப்பாரே, அப்படி. ஓலைச்சுவடியில் இந்த இடைவெளியும் இல்லை, மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. அவற்றைப் படித்துப் பதிப்பித்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

வரி முடிந்ததும் ஒரு நீண்ட தாவல். உழவர் ஏரைத் தூக்கிக்கொண்டு தொடங்கிய வரப்புக்கே திரும்பி வருவது போல. பழைய கிரேக்கர்கள் சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, ஒரு வரி இப்படி, அடுத்த வரி அப்படி, மாடு திரும்புகிற மாதிரியே எழுதினார்கள். நம்மூரில் இன்னும் அழகு. ஈரோடு – காங்கயம் சாலையில் அறச்சலூர். அங்கே நாகமலைக் குகையில் ஓர் இசைக் கல்வெட்டு. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. 'த தை தா தை த' என்று தொடங்கும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், எப்படிப் போனாலும் அதேதான். கண் வழி தவறினாலும் நட்டமில்லாத எழுத்து.

நாம் எழுதுவது அப்படி அல்ல. கணினியில் வரி நீளமாக இருந்தால் திரும்பும் தாவல் குறி தவறி, படித்த வரியிலேயே போய் விழும். போனில் வரி குட்டை, குறி தவறாது. அங்கே சிக்கல் வேறு. தாளில் 'இடது பக்கம், கீழே' என்று இடம் மனதில் நிற்கும். போனில் விரல் தள்ளத் தள்ள எல்லா வரியும் ஒரே முகம். ஒரு போன் அடித்துக் கண்ணை எடுத்தால் போச்சு. பத்திக்கு நடுவே விடும் வெற்று வரிதான் அங்கே மைல்கல்.

அதனால் இப்போதெல்லாம் போனில் ஐந்தாறு வரிக்கு மேல் பத்தி போவதில்லை. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ரயில் வண்டிகளைக் கழற்றி விடுகிறேன். இரண்டு ஓரமும் சமமாக வரும்படி அடுக்குவதையும் நிறுத்திவிட்டேன்: நீளமான தமிழ்ச் சொல் அடுத்த வரிக்கு ஓடிவிட, மிச்சமிருக்கும் இரண்டு சொல் பொக்கை வாய்ப் பல் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். ஆனால் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று உடைத்துப் போடுகிறார்களே, அது எனக்கு ஆகாது. கம்மஞ்சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பரிமாறுவது போல இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே நான் சொன்ன எண்கள் ஆங்கிலம் படிப்பவர்களிடம் எடுத்தவை. ஒட்டி ஒட்டி நீளும் சொற்களும் அகல எழுத்துகளும் கொண்ட தமிழுக்கு அந்தப் பதினைந்தை அப்படியே பொருத்த முடியாது. 2010-இல் செம்மொழி மாநாடு நடந்த ஊர் கோவை. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். அலங்கார வளைவுக்குச் செலவழிக்கிற மனசு, தமிழ் படிக்கும் கண்ணை அளக்கும் நாலு கேமராவுக்கும் வர வேண்டும்.

சரி, கோபிக்காரருக்கு அதே கட்டுரையை ஒரு சொல்லும் குறைக்காமல், பத்தி பிரித்து, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. "முழுசும் படிச்சுட்டனுங்க. நாலாவது பத்தில, மேலிருந்து ரெண்டாவது வரி பாருங்க. மஞ்சளைக் காய வெச்சுட்டு வேக வெக்கறதா எழுதியிருக்கறீங்க. வேக வெச்சுட்டுத்தானுங்க காய வெப்போம்."