‘கமாண்டோ டேகர்’: பொருளும் தமிழ்ப் பெயரும்

இரண்டாம் உலகப் போர்க்காலப் படைக்கலங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘கமாண்டோ டேகர்’ என்பதைக் ‘கமாண்டோ கத்தி’ என்கின்றனர். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய்ப் ‘பட்டாக்கத்தி’ என்றும் எழுதிவிடுகின்றனர். பட்டாக்கத்தி வீசி வெட்டுவதற்கான நீண்ட அலகை உடையது. இதுவோ ஒரு சாணுக்கும் குறைந்த அலகுடன், குத்துவதற்கென்றே வார்த்தெடுத்தாற்போல் மெலிந்து கூர்ந்து செல்வது.

‘கமாண்டோ’ என்பது போர்த்துக்கீசியத்திலிருந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குச் சென்று, தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் குதிரைப்படைக் குழுக்களுக்குப் பெயராகி, 1940இல் பிரிட்டன் தன் அதிரடிப் படைகளுக்குச் சூட்டிக்கொண்ட சொல். ‘டேகர்’ இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கிய சொல். இவ்வகை ஒல்லியான அலகுக்கு வழங்கும் ‘ஸ்டிலெட்டோ’ என்ற இத்தாலியப் பெயர்தான் சுவையானது. அதன் மூலமான இலத்தீன் ‘ஸ்டிலுஸ்’ எழுத்தாணியைக் குறிக்கும். எழுதும் முனையையும் ஓலை நறுக்கும் கத்தியையும் ஒரே பிடியில் அடக்கிய மடக்கெழுத்தாணியைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு வியப்பளிக்காது.

கமாண்டோ டேகர் என்று பெயர் பெற்றது, ஷாங்காய் நகராட்சிக் காவல் துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் ஆகிய இருவரும் 1940 நவம்பரில் லண்டன் வில்கின்சன் வாள் நிறுவனத்தாருடன் கலந்து உருவாக்கிய ஆயுதமே. முதல் வடிவத்தில் கைக்காப்பு ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப்போல் வளைந்திருக்கும். அலகின் அடியிலுள்ள தட்டையான சதுரப் பரப்பில் ஒருபுறம் ஆயுதத்தின் பெயரும் மறுபுறம் நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வடிவத்தில் கைக்காப்பு நேராகிவிட்டது, சதுரப் பரப்பும் மறைந்தது. பித்தளைப் பிடியில் கை வழுக்காதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய சொரசொரப்பு மட்டும் தொடர்ந்தது. பிடியைச் சுற்றி வளையம் வளையமாக வரிகள் இருந்தால் அது 1943இல் வந்த மூன்றாம் வடிவம்.

தமிழில் இதற்குக் ‘குத்துவாள்’ என்பதே பொருந்தும். கத்தி என்றால் ஒருபுறம் கூரும் மறுபுறம் முதுகும் கொண்ட கருவியே பெரும்பாலும் நம் மனத்தில் எழும். இந்த அலகுக்கு இருபுறமும் கூர், முதுகு கிடையாது. வடசொல் வழிவந்த ‘சுரிகை’யும் பொருளளவில் தவறன்று, ஆனால் இன்றைய வாசகருக்கு அது புராண வாடை வீசும். இடுப்பில் தொங்கும் வாளைக் குறிக்கும் ‘உடைவாள்’ இங்கே சேராது. முழுப் பெயராக ‘அதிரடிப்படைக் குத்துவாள்’ என்று எழுதலாம்.

அதைச் செருகிவைக்கும் தோற்கூட்டுக்கு ‘உறை’ என்ற சொல்லே போதும். நுனியில் பொருத்திய பித்தளைக் கவசத்துக்கு, உலக்கைக்கு நாம் சொல்லும் ‘பூண்’ அப்படியே பொருந்துகிறது. உறையின் இரு பக்கங்களிலும் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு தோல் காதுகள் கால்சட்டையோடு சேர்த்துத் தைப்பதற்கானவை. பிடியை இறுக்கிப் பிடிக்க மேலே ஒரு மீள்பட்டையும் (எலாஸ்டிக் பட்டை) உண்டு. காதுகளை அறுத்துவிட்டு இடுப்புவாரில் அணிந்த வீரர்களும் இருந்தனர். ஆகவே ஓரங்களில் அறுத்த தழும்புள்ள பழைய உறையைப் போலி என்று உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை.